ஏரிக்கும் ஒரு கோடை வேண்டும்!

தலைப்பைப் பார்த்ததும், "இவனுக்கு என்ன ஆச்சு? மே மாசம் குடத்தைத் தூக்கிக்கிட்டு லாரிக்குப் பின்னாடி ஓடுறோம், இவன் ஏரி காயணும்ங்கிறானே!" என்று சிலர் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

ஆண்டு மலர் என்றால் வழக்கமாக வரதட்சணைக் கொடுமை பற்றி ஒரு கட்டுரை, வேலையில்லாத் திண்டாட்டம் பற்றி ஒரு கட்டுரை, அம்மாவைப் பற்றி நாலு கவிதை இருக்கும். நான் எழுத வந்திருப்பது ஏரியில் முளைக்கும் செடிகளைப் பற்றி. சிவில் படிக்கிறவனுக்குச் செடியோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள். நாளைக்கு நீர்வளத் துறையிலோ பேரூராட்சியிலோ கான்ட்ராக்டர் ஒருவரிடமோ ஏரி வேலை பார்க்கப் போவது நம்மில் பலர்தான். டேப் பிடிப்பதும் லெவல் எடுப்பதும் எஸ்டிமேட் போடுவதும் நம் கையில்தான் வரப்போகிறது. வந்த பிறகு யோசிப்பதைவிட இப்போதே யோசிப்பது நல்லதில்லையா?

நான் கடப்பாக்கத்துக்காரன். ஆலம்பரைக் கோட்டை என்றால் எல்லோருக்கும் தெரியும். 1750-ல் பிரெஞ்சுக்கார டூப்ளேவின் கைக்குப் போய், 1760-ல் ஆங்கிலேயர் இடித்துப் போட்ட கோட்டை. அதன் இடிந்த சுவர்மேல் நின்று கிழக்கே பார்த்தால் கழி, அதற்கு அப்பால் கடல். கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தாண்டி மேற்கே போனால் வயலும் ஏரியும். எங்கள் பேரூராட்சியின் பெயரே இடைக்கழிநாடு. சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் இந்த இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர் என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு (ஊர்ப் பெருமை பேசாமல் எந்த மலர்க் கட்டுரை இருக்கிறது, சொல்லுங்கள்!). ஒரு பக்கம் உப்புத் தண்ணீர், இன்னொரு பக்கம் நல்ல தண்ணீர். இரண்டுமே வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. நான் சொல்லப்போகும் விஷயம் முழுக்க அதில்தான் இருக்கிறது.

எங்கள் பக்கத்து ஏரிகள் வானம் பார்த்தவை. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடிக்கும். வருஷ மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள்ளேயே கொட்டிவிடும். வரத்துக் கால்வாயில் செம்மண் நிறத்தில் தண்ணீர் பாய்ந்து வரும்போது ஏரியில் பெரிதாகச் செடி எதுவும் கண்ணில் படாது. கலங்கிய தண்ணீரில் வெளிச்சம் ஒரு சாண்கூட இறங்காது, பிறகு செடி எங்கே வளரும்? தை பிறந்தால் மண் அடியில் படியும், தண்ணீர் தெளியும், வெயில் தரைவரைக்கும் போகும். அதற்குப் பிறகுதான் கூத்து ஆரம்பம். அடியிலிருந்து வேலம்பாசி எழும்பி வரும். அல்லி இலை விரிக்கும். மாசி, பங்குனியில் தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கும்போது கொட்டி பூக்கும். ஓரத்தில் தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க, ஆரைக்கீரை, பொன்னாங்கண்ணி, கோரை என்று ஒவ்வொன்றாக வந்து ஈர மண்ணைப் பிடித்துக்கொள்ளும். வைகாசியில் தரை பாளம் பாளமாக வெடிக்கும். மாடு மேயும். பையன்கள் ஸ்டம்ப் நடுவார்கள்.

ஃபேக்டரியில் மூன்று ஷிப்டு மாதிரி ஏரியில் செடிகளுக்கு ஷிப்டு. ஒரு ஷிப்டு முடிந்தால்தான் அடுத்த ஷிப்டு உள்ளே வரமுடியும். சங்கு ஊதி எல்லோரையும் வெளியே அனுப்பி வைப்பது கோடை. எவனும் நிரந்தரமாக உட்கார்ந்து ஏரியை வளைத்துக்கொள்ள முடியாது.

சரி, வெளியே போனவை செத்தா போகின்றன? இல்லை. இங்கே ஔவையாரை நினைக்க வேண்டும். சின்ன வகுப்பில் மூதுரை மனப்பாடம் செய்தோமே, ஞாபகம் இருக்கிறதா? குளம் வற்றியதும் பறந்துவிடும் பறவையையும், குளத்தோடு ஒட்டியே கிடக்கும் கொட்டி, ஆம்பல், நெய்தலையும் வைத்து உறவு என்றால் என்ன என்று சொன்ன பாட்டு. நாம் அதை நீதிக்காக மட்டும் படித்து மார்க் வாங்கிவிட்டு மறந்துவிட்டோம். அதில் அசல் தாவரவியல் இருக்கிறது! கொட்டிக்கும் அல்லிக்கும் அடியில் கிழங்கு உண்டு. தண்ணீர் போனதும் இலை அழுகிவிடும், கிழங்கு சேற்றுக்குள் தூங்கும். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் காய்ந்த ஏரியில் கொட்டிக்கிழங்கு தோண்டி அவித்துத் தின்ற கதையைச் சொல்வார்கள். அடுத்த மழைக்கு மீதிக் கிழங்கு முளைக்கும். நம் ஏரிச் செடிகள் கோடையைத் தாங்குவதற்கென்றே அமைந்தவை.

இப்போது வில்லனைக் கூப்பிடலாம். ஆகாயத்தாமரை! தஞ்சாவூர்ப் பக்கம் இதையே வெங்காயத்தாமரை என்பார்கள், காம்பு வெங்காயம் மாதிரி உப்பியிருப்பதால். தென்னமெரிக்காவின் அமேசான் பகுதியிலிருந்து, பூ அழகாக இருக்கிறதே என்று கொண்டுவரப்பட்டு, 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வங்காளத்துக்குள் நுழைந்தது. அங்கே ஆறும் நெல்வயலும் அடைபட்டு, இதை ஒழிப்பதற்கென்றே 1936-ல் தனிச் சட்டம் போடும் அளவுக்குப் போயிற்று. தோதான இடம் கிடைத்தால் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு சென்ட் இடத்தில் இருந்தது 14 வாரத்தில் 128 சென்ட். ஒரு ஏக்கருக்கும் மேல்!

ஆனால் 'தோதான இடம்' என்பது என்ன? அங்கேதான் நாம் கோட்டை விடுகிறோம்.

செடிக்கு வெயிலும் தண்ணீரும் போதாது, தீனி வேண்டும். முக்கியமாகத் தழைச்சத்தும் மணிச்சத்தும், அதாவது நைட்ரஜனும் பாஸ்பரஸும். நல்ல தண்ணீரில் பெரும்பாலும் தட்டுப்பாடாக இருப்பது பாஸ்பரஸ். கனடாவில் ஒண்டாரியோ மாகாணத்தில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிய ஏரிகள் உண்டு. அதில் 226 என்று நம்பர் போட்ட ஏரியை 1973-ல் நடுவில் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள். இன்னொரு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்துப் போட்டார்கள். பாஸ்பரஸ் விழுந்த பாதி பச்சைப் பெயின்ட் ஊற்றினாற்போல் பாசியால் மூடிவிட்டது. மறுபாதி தெளிவாகவே கிடந்தது. மேலிருந்து எடுத்த அந்தப் போட்டோ உலகப் பிரசித்தம். ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானியின் வேலை. ஆயிரம் பக்கம் எழுதியிருந்தாலும் அந்த ஒரு போட்டோ மாதிரி அரசாங்கங்களை அசைத்திருக்காது என்று நினைக்கிறேன்.

அப்படியானால் சத்து என்பதே கெட்டதா? அவசரப்படாதீர்கள். நம் மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. வேடந்தாங்கல்! கார்த்திகை தொடங்கி ஆயிரக்கணக்கில் பறவைகள் வந்து ஏரி நடுவிலுள்ள மரங்களில் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் முழுக்கத் தண்ணீரில். நைட்ரஜனும் பாஸ்பரஸும் நிறைந்த எச்சம். ஏரி நாறிப்போக வேண்டுமே? போகவில்லை. அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் போகிறது, உரச் செலவு குறைகிறது என்று அந்த ஊர் விவசாயிகள் பறவைகளைக் காப்பாற்றுகிறார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் சண்டை போட்டு, 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்பு உத்தரவே வாங்கிவிட்டார்கள். (மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதையில் வருகிற அதே பிளேஸ் துரைதான்.) 2022-ல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததை எல்லோரும் கொண்டாடினோம். ஆனால் இதன் சூட்சுமத்தை யாரும் பேசவில்லை. சத்து ஒரு பருவத்தில் வருகிறது, மதகு வழியாக வெளியே போகிறது, கோடையில் ஏரி ஓய்வெடுக்கிறது. வரவும் உண்டு, செலவும் உண்டு.

அந்தக் காலத்தில் செலவுக் கணக்கில் இன்னொரு ஐட்டமும் இருந்தது. வண்டல்! காய்ந்த ஏரியில் மாட்டு வண்டியை இறக்கி, வண்டலை வெட்டி வயலுக்கு அடித்தார்கள். பாஸ்பரஸ் களிமண்ணோடு ஒட்டிக்கொள்ளும் குணமுடையது. மழையில் வயலிலிருந்து ஏரிக்கு வந்தது, கோடையில் வண்டியேறி வயலுக்கே திரும்பிப் போயிற்று. குடிமராமத்து என்றால் கரையைப் பலப்படுத்துவது என்று மட்டும் நினைக்கிறோம். 2017-ல் அந்தப் பெயரில் தமிழக அரசு மறுபடியும் திட்டம் தொடங்கியபோதும் பேச்செல்லாம் கொள்ளளவைப் பற்றித்தான். ஏரி காயாவிட்டால் வண்டி எப்படி இறங்கும்? வண்டல் எப்படிப் போகும்?

இப்போது நடப்பது என்ன? ஏரிக்கரை ஓரமாக வீடுகள், கல்யாண மண்டபம், ஹோட்டல். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பைப். மழை வந்தாலும் வராவிட்டாலும் 365 நாளும் கழிவுநீர். முன்பு சத்து வெள்ளத்தோடு வந்து, பாதி கலங்கல் வழியாக வழிந்தோடிவிடும். இப்போது சித்திரை வெயிலில், வெளியே போக வழியில்லாத காலத்தில், கெட்டியாக உள்ளே வருகிறது. ஏரியும் காய்வதில்லை. "பாருங்க, கோடையிலயும் தண்ணி நிக்குது!" என்று நாமும் சந்தோஷப்படுகிறோம். அது தண்ணீரா?

செங்கல்பட்டுக்கு ரயிலில் போகிறவர்கள் கொளவாய் ஏரியைப் பார்த்திருப்பீர்கள். வற்றாத ஏரி என்று பேர் வாங்கியது. அதில் நகரத்துக் கழிவு கலப்பதும் ஆகாயத்தாமரை மூடுவதும் பத்திரிகைகளில் எத்தனையோ தடவை வந்துவிட்டது. இன்னும் பெரிய பாடம் வேண்டுமானால் பெங்களூரு பெல்லந்தூர் ஏரி. கழிவுநீரே வரத்தாகி, செடியும் நுரையும் மண்டி, 2017 பிப்ரவரியில் ஏரியே தீப்பிடித்துப் புகைந்தது.

நாம் என்ன செய்கிறோம்? நாட்டு நலப்பணித் திட்ட முகாம் போடுகிறோம். நாற்பது பேர் இறங்கி இழுக்கிறோம். போட்டோ எடுக்கிறோம். இழுத்ததைக் கரையிலேயே குவித்துவிட்டு வருகிறோம். அது அழுகி, அதிலுள்ள சத்து அடுத்த மழையில் ஏரிக்கே திரும்பிப் போகிறது. முகாமில் உழைக்கிறவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை, அந்தச் சேற்றில் நிற்பது லேசு இல்லை. ஆனால் டிப்ளமோ படிக்கிற நாம் ஒரு கணக்காவது போட வேண்டாமா?

போடலாம். ஒரு மனிதனின் கழிவில் நாளொன்றுக்குச் சுமார் 1 முதல் 2 கிராம் பாஸ்பரஸ் வெளியேறுகிறது. குறைத்து 1 கிராம் என்றே வையுங்கள். பத்தாயிரம் பேர் உள்ள ஒரு சின்ன ஊர். வருஷத்துக்கு 3,650 கிலோ. வழியில் பாதி மண்ணில் தங்கிவிட்டது என்றாலும் 1,800 கிலோ ஏரிக்கு வரும். சோப்புத்தூளும் வயல் உரமும் தனி. இனி ஆகாயத்தாமரை. ஒரு டன்னில் 950 கிலோ வெறும் தண்ணீர். காய்ந்த பொருள் 50 கிலோ. அதில் பாஸ்பரஸ் 0.4 சதவீதம் என்று வைத்தால் வெறும் 200 கிராம். ஆக 1,800 கிலோவை வெளியே எடுக்க 9,000 டன் செடியை அள்ள வேண்டும். பத்து டன் லாரியில் 900 லோடு, ஒவ்வொரு வருஷமும்! நாற்பது பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் எந்த மூலைக்கு?

"அப்ப மெஷினை இறக்கிட வேண்டியதுதானே?" என்று மெக்கானிக்கல் நண்பர்கள் மீசையை முறுக்குவார்கள். மெஷின் அள்ளட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. பைப் திறந்திருக்கும்வரை அது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை. 1980-களில் வெளிநாட்டிலிருந்து கூன்வண்டுகளைக் கொண்டுவந்து பெங்களூரில் வளர்த்து இந்தச் செடிமேல் விட்டார்கள். நல்ல முயற்சி. ஆனால் வண்டு தின்பதைவிட வேகமாகத் தளிர்விடும் அளவுக்கு நாம் தீனி போட்டால் வண்டு பாவம் என்ன செய்யும்?

அடுத்து நம் சிவில் ஆட்களின் பங்கு. ஏரி வேலை என்றால் பொக்லைனை இறக்கி, ஓரம் முதல் நடுவரை ஒரே ஆழமாகத் தோண்டி, கரையைச் செங்குத்தாக வெட்டி, சுற்றிலும் காங்கிரீட் போட்டு, நடைபாதைக்கு டைல்ஸ் ஒட்டிவிடுகிறோம். மெஷர்மென்ட் புக்கில் கன மீட்டர் அழகாக ஏறும். ஆனால் அல்லியும் கொட்டியும் கோரையும் நிற்பது முழங்கால், இடுப்பு ஆழத்துச் சரிவில். அந்தச் சரிவை வெட்டி எடுத்துவிட்டால் தரையில் வேர் பிடிக்கும் செடிக்கு இடமில்லை. ஆழத்தைப் பற்றிக் கவலையே இல்லாதது எது? மிதக்கிற ஆகாயத்தாமரை! அதற்குத் தரையே தேவையில்லை. மெனக்கெட்டுப் போட்டியாளர்களை விரட்டிவிட்டு, அதற்குப் பட்டா எழுதிக் கொடுக்கிறோம். அது மேலே பாய் விரித்ததும் உள்ளே வெளிச்சம் போகாது, காற்று போகாது, அடியில் ஆக்சிஜன் தீரும். ஆக்சிஜன் தீர்ந்தால் சேற்றில் இரும்பு பிடித்து வைத்திருந்த பாஸ்பரஸ் அவிழ்ந்து மறுபடியும் தண்ணீருக்கு வரும். பைப்பை அடைத்தபிறகும் சில வருஷம் ஏரி தன் தீனியைத் தானே போட்டுக்கொள்ளும்.

எங்கள் கழிப் பக்கம் இந்தத் தொல்லை இல்லை. காரணம் உப்பு. கடல் நீரின் உப்பில் கால் பங்கு ஏறினாலே ஆகாயத்தாமரை கருகிவிடும். கோடையில் மழைத்தண்ணீர் வரத்து நின்று கழியில் உப்பு ஏறும்போது, மழைக்காலத்தில் மிதந்து வந்த செடியெல்லாம் வெந்துபோகும். இதுவும் ஒரு கோடைதான், உப்புக் கோடை. கேரளத்தில் குட்டநாட்டு நெல்லைக் காப்பாற்ற 1976-ல் தண்ணீர்முக்கம் தடுப்பணையை இயக்கி, கோடையில் உப்புநீர் வராமல் அடைத்தார்கள். நெல்லுக்கு லாபம். ஆனால் உப்பு வராத நீரில் ஆகாயத்தாமரை வருஷம் முழுக்கப் பெருகி, படகு போகும் வாய்க்கால்களை அடைத்தது. அங்கே மீனவர்களும் விவசாயிகளும் ஷட்டரை எப்போது திறப்பது என்று இன்றுவரை வாதாடுகிறார்கள். ஒரு பருவத்தை அணை போட்டு நிறுத்தினால் அதன் கணக்கு வேறெங்கோ வந்து நிற்கும்.

"ஆகாயத்தாமரை விதை சேற்றுக்குள்ளே இருபது வருஷம்கூட உயிரோட இருக்குமே, காய்ஞ்சா மட்டும் ஒழிஞ்சிடுமா?" என்று விஷயம் தெரிந்தவர்கள் மடக்கலாம். நியாயமான கேள்வி. ஒழியாது. கோடை அதன் செடியைக் கொல்லும், விதையைக் கொல்லாது. ஆனால் சத்துக் குறைந்த தெளிந்த தண்ணீரில் முளைக்கும் குட்டிச்செடி சோனியாகத்தான் நிற்கும். அதை நாற்பது பேர் இழுத்துவிடலாம். அப்போது நம் முகாமுக்கும் அர்த்தம் உண்டு.

"குடிநீர் ஏரியையும் காயவிடச் சொல்றியா?" அதையும் சொல்லவில்லை. ஊருக்குத் தண்ணீர் தரும் ஏரியில் நடுவில் தண்ணீர் நிற்கட்டும். ஓரம் ஏறி இறங்கட்டும், சரிவை வெட்டாதீர்கள், வண்டல் போகட்டும், பைப்பை மூடுங்கள் என்கிறேன். இதில் கடைசி ஒன்றுதான் கஷ்டம். ஏனென்றால் பைப்பின் அந்தப் பக்கம் இருப்பது நம் வீடும் நம் ஹாஸ்டலும். ஆகாயத்தாமரைக்கு ஓட்டு இல்லை, அதைத் திட்டுவது சுலபம்.

எங்கள் பக்கத்து ஏரி ஒன்றின் மதகடியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம், "தாத்தா, முன்னல்லாம் இந்தச் செடி இருந்துச்சா?" என்று கேட்டேன். "இருந்துச்சு தம்பி, ஒண்ணு ரெண்டு. கோடையில மாடு மிதிச்சே போயிடும். இப்ப மாடு இறங்கினா வெளிய வராது" என்றார். நான் மேலே எழுதியதையெல்லாம் அவர் மூன்று வரியில் முடித்துவிட்டார்.

மாணவர் பேரவைக்கு என் கோரிக்கை இது. இந்த வருஷ முகாமில் முதல் நாள் செடியைத் தொட வேண்டாம். ஏரியைச் சுற்றி நடப்போம். எத்தனை பைப், எத்தனை அங்குலம், கோடையிலும் ஓடுகிறதா என்று ஸ்கெட்ச் போடுவோம். சர்வே பிராக்டிகலில் படித்ததற்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது. அந்த ஸ்கெட்ச் பேரூராட்சி அலுவலகத்துக்கு ஒரு காப்பி, மாவட்ட ஆட்சியரின் குறைதீர் நாள் கூட்டத்துக்கு ஒரு காப்பி. இழுக்கும் செடியை ஏரிக்குத் தண்ணீர் திரும்பாத மேட்டுக்குக் கொண்டுபோய் மக்கவைத்து வயலுக்குத் தருவோம். மாதம் ஒருமுறை தண்ணீரின் தெளிவை அளப்போம். இதற்கு லேப் கூட வேண்டாம். 1865-ல் செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் கடலில் ஒரு வட்டத் தட்டை இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்த்தார். உலகம் முழுக்க இன்றும் அதே தட்டுதான். பழைய பெயின்ட் டப்பா மூடி ஒன்று, அதில் இரண்டு கால்பங்கு கறுப்பு, இரண்டு கால்பங்கு வெள்ளை, அடியில் கனத்துக்கு ஒரு நட்டு, அரை அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட பத்தடிக் கயிறு. மூடியை நான் வெட்டி வைத்திருக்கிறேன். தை மாதத்தில் முதல் அளவு எடுக்கலாம். நீச்சல் தெரிந்தவர்கள் இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் சிவில் இரண்டாம் ஆண்டு வகுப்புக்கு வாருங்கள்.